'ஸ்கவர்' என்னும் ஆங்கில வினை: பழைய நூல்களில் எந்தெந்தப் பொருளில் வருகிறது?

சுவடிக்கட்டு

'ஸ்கவர்' என்றதும் இன்று நினைவுக்கு வருவது அடிப்பிடித்த பாத்திரமும் ஸ்கவரிங் பேடும்தான். 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான ஆங்கில எழுத்தைத் தமிழாக்கும்போது இதே வினை வாய்க்காலுக்கு வருகிறது, துப்பாக்கிக்கு வருகிறது, கன்றுக்குட்டிக்கு வருகிறது, கலப்பைக்கும் வருகிறது. எல்லா இடத்திலும் 'தேய்த்துக் கழுவு' என்று போட்டால் வாசிப்பவர் சிரிப்பார். அந்தந்த வேலை தெரிந்தவர்கள் அது என்ன வேலை, தமிழில் அதற்கு என்ன சொல்கிறோம் என்று எழுதுங்கள்.

வேரை நான் போட்டுவிடுகிறேன். பின்லத்தீனில் 'எக்ஸ்கூராரே'. அதாவது 'கூரா' (கவனிப்பு, பராமரிப்பு) என்பதன் முன் 'எக்ஸ்' சேர்ந்தது. பழைய பிரெஞ்சில் 'எஸ்க்யூரே', இடைக்கால டச்சில் 'ஸ்கூரென்', அங்கிருந்து ஆங்கிலம். நோயைக் குணப்படுத்தும் 'க்யூர்', அருங்காட்சியகத்தின் 'க்யூரேட்டர்' இரண்டும் இதற்குத் தாயாதிகள்.

ஒரு எச்சரிக்கை. 'காடு மேடெல்லாம் ஸ்கவர் செய்தார்கள்' என்று வருமே, தேடி அலைதல், அது வேறு வினை. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. அதன் மூலத்தில் அகராதிக்காரர்களுக்குள்ளேயே ஒருமனம் இல்லை: பழைய நோர்ஸில் பாய்ந்து வருதலைக் குறித்த சொல் என்பது ஒரு கட்சி, 'ஓடு' என்ற பொருளுள்ள லத்தீன் வேர் பிரெஞ்சு வழியாக வந்து கலந்தது என்பது இன்னொரு கட்சி. 'கடலை ஸ்கவர் செய்தல்' போன்ற இடங்களில் இரண்டும் பின்னிக்கிடக்கும். கடற்கொள்ளையரை ஒழித்துக் கடலைச் சுத்தமாக்குவதா, கடல் முழுக்கச் சுற்றி வருவதா என்று முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாமிரச்சொம்பு

சமையலறைப் பொருளை முதலில் முடித்துவிடலாம். தமிழில் இதற்கு 'தேய்' போதாது. 'விளக்கு', 'துலக்கு' என்பவைதான் சரியான சொற்கள். யாழ்ப்பாணத்தில் 'மினுக்கு' என்பார்கள். அழுக்கு போவதோடு அடியிலுள்ள உலோகம் பளிச்சென்று வெளிப்பட வேண்டும். அதுதான் ஸ்கவர்.

இங்கிலாந்துச் சமையலறையில் மணல், சாம்பல், செங்கல் பொடி எல்லாம் ஓடின. 1823இல் காப்புரிமை பெற்ற 'பாத் பிரிக்' பேர்போனது. பெயரில் பாத் நகரம் இருந்தாலும், செய்தது சாமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டரில், பாரெட் ஆற்று வண்டலை அச்சில் வார்த்துச் சுட்டு. அதைச் சுரண்டிப் பொடியாக்கிப் பலகையில் தூவி, அதன்மேல் கத்தியை வைத்துத் தேய்ப்பார்கள். துருப்பிடிக்காத எஃகு வருமுன் சாப்பாட்டுக் கத்தி ஒவ்வொன்றுக்கும் இது அன்றாட வேலை. அந்தக் காலத்து வீட்டு நிர்வாக நூல்களில் 'கத்தியை ஸ்கவர் செய்' என்று வந்தால் இந்தப் பொடியும் பலகையும்தான். ஈரத் தேய்ப்பு அல்ல.

எதை எதால் தேய்க்கலாம் என்பதற்குக் கடினத்தன்மைதான் கணக்கு. மோஸ் அளவில் மணலின் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் 5.5, செம்பும் பித்தளையும் 3, 4 அளவில். அதனால் மணல் போட்டால் பித்தளை கீறும், கண்ணாடியும் கீறும். இன்றைய கிரீம் வகைகளில் கால்சைட் இருப்பதற்குக் காரணம், அது 3 மட்டுமே என்பதுதான். புளி போட்டு விளக்கும்போது நடப்பது வேறு. அங்கே புளியின் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது, உராய்வுக்கு அதிக வேலை இல்லை. உப்பு சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் அமிலம் ஒட்டிக்கொண்டிருந்தால் மறுநாளே கருத்துவிடும். அலசி உடனே துடைக்க வேண்டும்.

'ஸ்கவரிங் ரஷ்' என்று ஒரு செடியும் வரும். குதிரைவால் இனம், ஈக்விசீட்டம் ஹைமேல். தண்டின் வரிகளில் சிலிகா முடிச்சுகள். தகரக்கலவைப் பாத்திரத்துக்கு இதைப் பயன்படுத்தியதால் 'பியூட்டர்வொர்ட்' என்றும் பெயர். கிளாரினெட் வாசிப்பவர்கள் ரீடைக் கடைசியாக இழைக்க இன்றும் இதைத்தான் தேடுகிறார்கள்.

நெசவாலை

துணித் தொழிலில் 'ஸ்கவரிங்' இன்றும் உயிரோடுள்ள சொல். திருப்பூர் சாயப்பட்டறையில் யாரும் இதை மொழிபெயர்ப்பதில்லை, 'ஸ்கவரிங் போட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள். ஆனால் பழைய நூல்களில் வந்தால் பெரும்பாலும் ஆட்டு ரோமம். அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வெட்டிய ரோமத்தில் மூன்று உண்டு: ரோம மெழுகு, காய்ந்த வியர்வை உப்பு, மண். மெரினோவில் மெழுகு மட்டுமே எடையில் 10 முதல் 25 விழுக்காடு வரை போகும். வியர்வை உப்பு வெறும் தண்ணீரில் கரையும். மெழுகு கரையாது, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசில் உருகும், பிறகு சோப்பு வகை எதாவது அதைப் பிடித்து நீரில் தொங்கவிட வேண்டும். ஆகவே தண்ணீர் 60 முதல் 65 டிகிரி.

கையால் செய்வதானால் ஒரு கிலோ ரோமத்துக்கு 20 முதல் 30 லிட்டர். டிடர்ஜென்டைத் தண்ணீரில் கலந்த பிறகே ரோமத்தை மேலே வைத்து அமுக்கி மூழ்கடிக்கணும். 15, 20 நிமிடம் தொடக்கூடாது. தண்ணீர் ஆறுமுன் தூக்கி அடுத்த தொட்டி, அதே சூட்டில். பிறகு அலசலும் கிட்டத்தட்ட அதே சூட்டில்.

எங்கே கெடும்? ஒன்று, ஆறவிட்டால் உருகிய மெழுகு திரும்ப இழையிலேயே படிந்து பிசுபிசுக்கும்; அப்புறம் எடுப்பது முதல் தடவையைவிடக் கஷ்டம். இரண்டு, கிளறினாலோ குழாயை நேரே திறந்துவிட்டாலோ இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டுக் கம்பளியாகவே இறுகிவிடும். மூன்று, காரம் அதிகமானால் மஞ்சளிக்கும், இழை வலுவிழக்கும். ஆலைகளில் வரிசையாகத் தொட்டிகள், நடுவில் பிழியும் உருளைகள். முதல் தொட்டிகளின் நீரிலிருந்து மையவிலக்கில் பிரித்தெடுப்பதுதான் லானோலின்.

சோப்பு விலை கூடிய காலத்தில் யார்க்‌ஷயரில் பழைய சிறுநீர். 'லாண்ட்' என்பார்கள். வைத்திருந்தால் யூரியா அம்மோனியாவாக மாறும். அந்த மென்காரம் மெழுகைப் பிடிக்கும். வீடு வீடாகச் சேகரித்தார்கள். அப்படியொரு வரி வந்தால் நாகரிகம் கருதி 'நீர்' என்று மழுப்பிவிடாதீர்கள், வேதியியலே போய்விடும்.

ஆக இதில் தேய்ப்பே கிடையாது. தேய்த்தால் நாசம். 'எண்ணெய்ப்பசை போக்குதல்' அல்லது 'பிசுக்கெடுத்தல்' என்று எழுதுங்கள்.

பருத்திக்கு வேறு கணக்கு. அதில் மெழுகு ஒரு விழுக்காட்டுக்கும் கீழேதான், ஆனால் பெக்டினோடு சேர்ந்து தண்ணீரையே உள்ளே விடாது. காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைக்கணும். பழைய முறையில் 'கியர்' என்ற மூடிய பெரிய கொப்பரையில் மணிக்கணக்காக. உள்ளே காற்று நின்றுவிட்டால் செல்லுலோஸ் ஆக்சிஜனேறித் துணி இற்றுப்போகும். அதனால்தான் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுவார்கள். இப்போது பின்னல் துணிக்கு காஸ்டிக்கும் பெராக்சைடும் ஒன்றாகப் போட்டு 95, 98 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சரியாயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். விட்டதும் துணி அதைக் குடித்துவிட வேண்டும். முத்தாக நின்றால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும்.

சுவடிக்கட்டு

அருமை. அப்படியானால் லண்டனில் 'டையர் அண்ட் ஸ்கவரர்' என்று கடைப்பெயர் வருவது?

நெசவாலை

அது துணி சுத்தம் செய்து கறை எடுக்கும் தொழில், சாயமும் போடுவார்கள். டிரை கிளீனிங்கின் முன்னோடி. அமெரிக்காவில் தாமஸ் ஜென்னிங்ஸ் 1821இல் 'டிரை ஸ்கவரிங்' முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்நாட்டில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர். 1836இல் காப்புரிமை அலுவலகம் எரிந்ததில் அந்த ஆவணமும் போயிற்று. 'சலவைக்காரர்' என்று போடாதீர்கள், 'கறையெடுப்பவர்' பொருந்தும்.

ஒப்பனை

ஷேக்ஸ்பியரில் இந்த வினை நன்றாக விளையாடும். மூன்று இடம் சொல்கிறேன்.

மேக்பெத், ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சி. பக்கத்தில் மருத்துவர் நிற்கிறார். எந்த இரேவல்சின்னி, எந்தப் பேதி மருந்து இந்த ஆங்கிலேயரை இங்கிருந்து 'ஸ்கவர்' செய்யும் என்று மேக்பெத் கேட்கிறான். 'விரட்டும்' என்று போட்டால் பாதி செத்துவிடும். குடல் கழுவும் பேச்சு அது. 'கழித்துத் தள்ளும்' என்றால் அந்த அருவருப்பும் வரும். இடையில் இன்னொரு மூலிகைப் பெயர் 1623 பதிப்பில் 'சைம்' என்று அச்சாகியிருக்கிறது. பின்வந்த பதிப்பாளர்கள் அதைச் சென்னா என்று திருத்தினார்கள். அதாவது நிலவாகை. பிற்காலத்தில் திருநெல்வேலிப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போன சரக்கு.

ஐந்தாம் ஹென்றி, இரண்டாம் அங்கம். பிஸ்டல் என்ற பெயருள்ளவனிடம் நிம் சொல்கிறான்: நீ அழுக்கானால் என் வாளால் உன்னை ஸ்கவர் செய்வேன். ஆளின் பெயரே கைத்துப்பாக்கி என்பதால் குழல் அழுக்கேறுவதும் குழலைக் குடைந்து சுத்தம் செய்வதும் இதில் அடக்கம்.

மூன்றாவது ஃபால்ஸ்டாஃப், நான்காம் ஹென்றி இரண்டாம் பாகம். ஓயாத ஓட்டத்தில் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவதைவிடத் துருப்பிடித்துச் சாவது மேல் என்கிறான். இங்கே மட்டும் 'தேய்' அப்படியே பொருந்தும்.

மெய்யான துப்பாக்கியைப் பற்றி யாராவது?

கருமருந்து

17ஆம் நூற்றாண்டின் 'மஸ்கட்' என்ற நீள்துப்பாக்கியில் குண்டை அடித்து இறக்கும் கோலுக்கே 'ஸ்கவரிங் ஸ்டிக்' என்று பெயர். நுனியில் துணி சுற்றும் திருகு மாட்டினால் அதுவே குழல் துடைக்கும் கோல். காரணம் கருமருந்தின் குணம்: எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். சில வெடிகளிலேயே குழல் சுருங்கி அடுத்த குண்டு பாதியில் நிற்கும். அந்த உப்பு ஈரம் இழுப்பது. ஒரு ராத்திரி விட்டால் துரு. எண்ணெய் மட்டும் விட்டால் உப்பு அடியிலேயே கிடக்கும். முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய்.

கோட்டை நூல்களில் இன்னொரு ஸ்கவர் உண்டு. கொத்தளத்தின் பக்கச்சுவரிலிருந்து அகழியின் நீளவாக்கில் சுட்டால் ஒருவன் ஒளிய இடமிருக்காது. 'பீரங்கி அகழியை ஸ்கவர் செய்கிறது' என்பார்கள். இதைத் 'தூர்வாருகிறது' என்று மொழிபெயர்த்துவிட்டால் ஆபத்து.

மதகடி

தூர்வாருவது என்றதும் வந்துவிட்டேன். 'வாய்க்காலை ஸ்கவர் செய்' என்று இங்கிலாந்தின் பழைய ஊர்மன்ற ஆவணங்களில் ஏராளம். நிலத்துக்காரர் தன் எல்லையிலுள்ள வாய்க்காலைத் தூர்வார வேண்டும், வாராவிட்டால் அபராதம். அங்கே 'தூர்வார்' கச்சிதம்.

ஆனால் நீரியலில் பொருள் திரும்பிக்கொள்கிறது. ஆள் வாருவதில்லை, தண்ணீரே வாரிக்கொண்டு போகிறது. பாலத்தூணின் முன்முகத்தில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, படுகையைத் தோண்டி, தூணின் இருபுறமும் லாட வடிவச் சுழலாகச் சுற்றி மணலைக் கிளப்பும். அதுதான் ஸ்கவர். தமிழில் 'அடியரிப்பு'. 'அரிப்பு' என்று மட்டும் போட்டால் கரையரிப்போடு குழம்பும்.

கணக்கு வேண்டுமென்றால் இந்திய சாலைப் பேராயத்தின் பாலக் கட்டுமான விதிநூலான ஐ.ஆர்.சி. 78இல் லேசி என்பவரின் முறை இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்குப் பாயும் கனமீட்டரை எடுத்து இருபடியாக்கி, வண்டல் காரணியால் வகுத்து, கனமூலம் கண்டு 1.34ஆல் பெருக்கு. வண்டல் காரணி என்பது மில்லிமீட்டரில் சராசரி மணல் பருமனின் வர்க்கமூலம் பெருக்கல் 1.76. பாய்வு 10, மணல் 0.32 மி.மீ. என்றால் காரணி ஏறக்குறைய 1, ஆழம் 6.2 மீட்டர். தூணுக்கு இதன் 2 மடங்கு, அதாவது உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 12.4 மீட்டர் வரை மண் இருக்காது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு பிடிமானம். ஆகக் கிணற்று அடித்தளம் வெள்ளமட்டத்துக்குக் கீழே 16.6 மீட்டர் அளவுக்கு இறங்கணும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வெள்ளம் வடியும்போது அந்தக் குழி புதுமணலால் தானே நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் படுகை சமமாக இருக்கும். அந்தத் தளர்மணலை நம்பக்கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5இல் விழுந்து 10 பேர் இறந்தது இந்த அடியரிப்பில்தான். ஆழமில்லாத அடித்தளம், அதைக் காக்கப் போட்ட கற்களும் போதவில்லை.

தாமிரச்சொம்பு

ஐயா, அப்போது 'ஸ்கவரிங் ஸ்லூயிஸ்'? அதுவும் கேடா?

மதகடி

இல்லை அக்கா, அது நாமே வேண்டுமென்று செய்வது. நம் பொதுப்பணித்துறைத் தமிழில் அதற்கு அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: மணற்போக்கி. கல்லணையில் மணல் மேடிட்டதைச் சமாளிக்க ஆர்தர் காட்டன் மணற்போக்கிகள் அமைத்தது அந்த வகைதான்.

அதன் அடிமட்டம் அணையின் முகட்டைவிடத் தாழ்வாகவும் கால்வாய்த் தலைமதகின் வாசலைவிடத் தாழ்வாகவும் இருக்கணும். இல்லையென்றால் மணல் முதலில் கால்வாய்க்குள் ஏறும். ஓட்டும் முறை: கால்வாய் ஓடும்போது மணற்போக்கியை மூடிவை, முன்னாலுள்ள குட்டையில் நீர் தேங்கி வண்டல் படியும். படிந்து உயர்ந்ததும் கால்வாயை மூடி மணற்போக்கியை முழுசாகத் திற. அரைகுறையாகத் திறந்தால் வாசல் அருகே மட்டும் ஒரு குழி விழும், மீதி மேடு அப்படியே கிடக்கும்.

குடிநீர்க் குழாயில் 'ஸ்கவர் வால்வு' இதன் தம்பி. பள்ளமான இடத்தில் வைப்பது. மேட்டில் ஏர் வால்வு. ஒரு விஷயம் மட்டும்: அதன் வாய் சாக்கடை நீருக்குள் மூழ்கியிருக்கவே கூடாது. மெயினில் அழுத்தம் விழுந்து, வால்வும் கசிந்தால் சாக்கடையை உள்ளே உறிஞ்சும்.

கன்றுகாலி

கால்நடைப் பக்கம் 'ஸ்கவர்ஸ்' என்றால் கழிச்சல். மேக்பெத்தின் பேதி மருந்து வழியாக வந்த பொருள்தான். 'கன்று ஸ்கவர் செய்கிறது' என்றால் கன்று கழிகிறது, கன்று எதையும் தேய்க்கவில்லை. கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட நீரிழப்பு. 40 கிலோ கன்று 8 விழுக்காடு வற்றினால் 3.2 லிட்டர் பற்றாக்குறை. அதற்கு மேல் அன்றாடத் தேவை, அன்று கழிவது எல்லாம் தனி. பாலை நிறுத்திவிடுவது பழைய வழக்கம், தவறான வழக்கம். பாலுக்கும் பாலுக்கும் நடுவே உப்பு, குளுக்கோஸ் கரைசல் கொடுக்கணும். குடல் சீரழிந்து நீரைக் கக்கும்போதும் குளுக்கோஸ் சோடியத்தை உள்ளே இழுத்துவரும் வழி வேலை செய்யும், கூடவே தண்ணீரும் வரும்.

சாமர்செட் பற்றிய நூல் என்றால் 'டீர்ட்' மேய்ச்சல் நிலம் என்று வரலாம். அந்தப் புல்லை மேய்ந்தால் மாடு சில நாளிலேயே கழியும், இடம் மாற்றினால் நின்றுவிடும். நூற்றாண்டுக் கணக்கில் மர்மம். புல்லில் மிகுந்த மாலிப்டினம் செம்பைக் கட்டிப்போடுவதுதான் என்று 1930களின் கடைசியில் ஆய்ந்து கண்டார்கள். மருந்து மயில்துத்தம், அளவை மருத்துவர்தான் சொல்லணும். செம்பு கூடினால் அதுவே விஷம்.

உழவுசால்

கலப்பைக்கு யாரும் வரவில்லையே. அமெரிக்க வேளாண் எழுத்தில் 'கலப்பை ஸ்கவர் ஆகவில்லை' என்றால் மண் கலப்பைத் தகட்டில் ஒட்டி வழுக்காமல் நிற்கிறது என்று பொருள். இல்லினாய் புல்வெளியின் களிமண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும்; நாலு அடிக்கொரு தரம் நிறுத்திச் சுரண்டணும். ஜான் டியர் 1837இல் கிராண்ட் டிடூரில் உடைந்த மர அறுவை ரம்பத்தின் எஃகை வளைத்து, மெருகேற்றிக் கொழு செய்தார். மண் தானே வழுக்கி விழுந்து தகட்டைத் துலக்கியது. 'தானே துலக்கும் கலப்பை' என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

இன்றும் புதுக் கலப்பையின் பெயின்டை எடுத்துவிட்டு முதலில் மணல்பாங்கான நிலத்தில் ஓட்டிப் பளபளப்பாக்கிய பிறகுதான் களியில் இறக்குவார்கள். வேலை முடிந்ததும் கிரீஸ் தடவணும். ஒரு மழைத் துரு போதும், மண் மறுபடி பிடித்துக்கொள்ள. 'மண் ஒட்டாமல் வழுக்கு' என்று எழுதலாம், ஒரே சொல்லில் அடங்காது.

ஒப்பனை

விட்டுப்போனவை சில. 'ஸ்கவரர்ஸ்' என்று 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இரவில் சன்னல் உடைத்துக் காவலாளியை அடித்துத் திரிந்த பணக்காரப் பிள்ளைகள். அது சுவடிக்கட்டு சொன்ன இரண்டாவது வினை, ஓடித் திரிவது. 'கிராம்ப் ரிங்கை ஸ்கவர் செய்தல்' என்பது திருடர் குழூஉக்குறி: காலில் விலங்கு மாட்டியிருப்பது. நடக்க நடக்க இரும்பு தேய்ந்து பளபளக்குமே.

இங்கிலாந்தின் உஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்கும் இதே வினைதான். குன்றின் சரிவில் சுமார் 110 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டிச் சுண்ணக்கல் அடைத்த உருவம், மூவாயிரம் ஆண்டளவு பழையது. சில வருஷம் விட்டால் ஓரத்துப் புல் உள்ளே படர்ந்து குதிரையே மறைந்துவிடும். களை பிடுங்கி, புதுச் சுண்ணக்கல்லைக் கொட்டி, சுத்தியலால் மாவாக இடித்து அமுக்குவார்கள். 1857இல் நடந்த ஸ்கவரிங்கில் மல்யுத்தம், பந்தயம் எல்லாம் உண்டு. 'கழுவும் விழா' அல்ல, 'புதுக்கும் விழா'.

சுவடிக்கட்டு

நன்றி. மிச்சம் ஒன்றுதான். 1653இல் வந்த ஐசக் வால்டனின் தூண்டில் நூலில் புழுவைப் பாசியில் போட்டு ஸ்கவர் செய்யச் சொல்கிறார். கழுவச் சொல்கிறாரா?

மதகடி

கழுவுவது அல்ல. மண்புழுவின் வயிறு முழுக்க மண். ஈரப்பாசியில் சில நாள் விட்டால் அதைக் கழித்துவிட்டுத் தோல் இறுகிச் சிவந்து துடிப்பாகும். முள்ளில் கோத்தால் பிய்யாது. பாசியைப் பிழிந்து போடணும், கோடையில் மூன்று நாலு நாளுக்கொரு முறை மாற்றணும், குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை. செத்த புழு ஒன்று கிடந்தாலும் மொத்தப் பானையும் நாறிப் போகும், தினம் பார்த்துப் பொறுக்கி எறியணும். 'வயிறு கழிய விடு' என்று போடுங்கள்.